மாமாவுக்கு முதல் கோப்பை

மார்ச் 4
இன்று கிளினிக். தராசில் ஏறினேன், முள் பயந்துபோய்த் தொண்ணூற்றொரு கிலோவில் நின்றது. ஒரு வருசத்துக்குள் நாவற்குடாவில் என்னைப்போல் வளர்ந்தவன் யார்?

இரவில் நான் விழுங்கும் குளிசையின் வேலையாம், பசியைக் கிண்டிவிடுமாம். டொக்டர் சொன்னார்: "ஐயா, இரத்தத்தில சீனியும் ஏறுது. சாப்பாட்டைச் சரிப்படுத்துங்க. இல்லாட்டி குளிசையை மாத்த வேணும்."

மாற்றுவதா? இந்தக் குளிசைக்குப் பிறகுதானே காதுக்குள் கூட்டம் போட்ட ஆட்கள் கலைந்தார்கள்? உறங்குகிறேன், ஆட்டோ ஓட்டுகிறேன். விடமாட்டேன்.

மார்ச் 5
பெண்சாதி அன்னப்பூரணி சட்டம் போட்டுவிட்டாள். சாப்பாட்டுக் கோப்பையில் பாதி மரக்கறி, கால்வாசி சோறு, கால்வாசி மீன். இது என் கண்டுபிடிப்பு என்று அயலுக்குச் சொல்லிவிட்டேன்.

மார்ச் 9
அரிசிக்குப் பதில் குரக்கன் மாப் புட்டு. சீனியில்லாத தேத்தண்ணி. நானே விரும்பிக் கேட்டதாக எழுதிவைக்கிறேன்.

மார்ச் 17
பெரியகல்லாற்றில் தங்கச்சி தவமலர் வீடு. தாய்மாமன் நான் கைவைக்காமல் அவள் பிள்ளைகள் சாப்பிடமாட்டார்கள். மரியாதையை மறுக்கலாமா? நண்டுக்கறி, எருமைத் தயிர், மேலே இனிக்க இனிக்கப் பாணி. மூன்று கோப்பை மரியாதை வாங்கினேன். பெண்சாதி சமைப்பதுதான் சாப்பாடு. தங்கச்சி தருவது கடமை. டொக்டருக்கு இதெல்லாம் விளங்காது, வெளியூர்க்காரர்.

மார்ச் 24, 31
கடமை.

ஏப்ரல் 1
தொண்ணூற்று மூன்று! தராசு பழுது என்றேன். தாதி மிசி தானே ஏறிக் காட்டினா. பழுதில்லை.

"அடுத்த முறையும் இப்படியெண்டா மாத்துவம்," என்றார் டொக்டர்.

மாத்தினா காதுக்குள்ள இருந்த அந்த ஆக்கள் மறுகா வந்திருவாங்களோ? எனக்குப் பயமாக் கிடக்கு. உண்மையாப் பயம்.

வீட்டில் அன்னப்பூரணி காத்திருந்தாள். "இஞ்சருங்க, உங்கட தங்கச்சி போன் எடுத்தவ. அண்ணனுக்கு வீட்டில சோறு போடுறல்லையா எண்டு கேக்கிறா!"

கழுவின ஆட்டோவை மறுபடி கழுவப் போனேன். நான்!

ஏப்ரல் 7
பெண்கள் இருவரும் போனில் பேசி முடித்துவிட்டார்கள். கல்லாற்றில் வழக்கம்போல் முதல் கோப்பை எனக்கு: வல்லாரைச் சம்பல், முருங்கையிலை, சுட்ட செல்வன் மீன், ஒரு பிடி சோறு.

அயல்வீட்டு நண்டு வாசம் வந்தது, நண்டு வரவில்லை. தவமலரின் மகன், என் மருமகன் திவாகரன் முறைத்தான். "மாமா, உங்கட கோப்பையில இல்லாதது எங்களுக்கும் இல்லையாம். உங்களால நாங்களும் இலை தின்னுறம்."

"மாமாவ மதிச்சுத் தின்னுடா," என்றாள் தவமலர்.

ஏப்ரல் 21
திவாகரன் கல்லாற்றுச் சந்திவரை என்னோடு நடந்தான். "வேகமா நடங்க மாமா. நாங்க நண்டு தின்ன வேணும்."

மே 6
தொண்ணூறு. டொக்டர் அதே குளிசையை எழுதினார். வெளியே இருந்தவர்களுக்குப் பத்துக் கிலோ குறைத்ததாகச் சொன்னேன். ஒருவர் எழும்பிக் கைகொடுத்தார்.

சாப்பிட்டேன். குளிசை போட்டேன். எழுத இன்னும் எவ்வளவோ இருக்கு — நித்திரை வருகுது.