கம்ப்யூட்டரில் வளைந்த கோடு

அன்புள்ள சிட்டுவுக்கு,

அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். அப்பாவைப் பற்றி ஏன் ஒன்றும் எழுதவில்லை என்று இந்நேரம் நீ யோசிக்க ஆரம்பித்திருப்பாய். பயப்படாதே, எழுந்து நடமாடிக்கொண்டு, என் காபியில் குறை சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். போனில் சொல்லலாம் என்றால் நான் போனை எடுத்ததும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார், காது மட்டும் பாம்புச் செவி. அதனால்தான் கடிதம்.

எல்லாம் அந்தக் கிழட்டுக் கம்ப்யூட்டரில் ஆரம்பித்தது. நீ காலேஜில் படிக்கும்போது வாங்கியது, அப்பா இன்னும் அதில்தான் வீட்டு பிளான் வரைந்து கொடுக்கிறார். மழை விட்ட சமயத்தில் ஸ்கிரீனில் பச்சையும் ஊதாவுமாகப் புள்ளிகள் கொட்ட ஆரம்பித்தன, பிளானில் ஒரு சுவரை நகர்த்தினால் பழைய சுவரும் போகாமல் கூடவே நின்றது. அதற்கு அப்பா பேய்ச் சுவர் என்று பேர் வைத்தார். கம்ப்யூட்டர் கடைக்காரர் வந்து பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு தலையணைக்கு வேண்டிய பஞ்சு, கிராபிக்ஸ் கார்டு மேல் இருக்கும் குட்டி ஃபேன் தூசியில் சிக்கிச் சுற்றாமலே கிடந்திருக்கிறது. என் வீட்டு லட்சணம் இப்படி ஊர் பார்க்கும்படி ஆச்சே என்று எனக்கு மானம் போனது. அவர் ஊதித் துடைத்து, கார்டைக் கழற்றி அதன் ஓரத்தில் பல் வரிசை மாதிரி இருக்கும் மஞ்சள் தகடுகளை அழிரப்பரால் தேய்த்து மறுபடி மாட்டி, டிரைவர் புரோகிராமையும் புதிதாகப் போட்டுக் கொடுத்தார். புள்ளியும் போச்சு, பேய்ச் சுவரும் போச்சு. என் கண்ணுக்குப் பளிச்சென்று இருந்தது.

அப்பாவுக்குத் திருப்தியில்லை. நடுவில் கோடு வளைகிறது, அழுக்கு மாதிரி ஒன்று நிற்கிறது என்றார். கேபிளை மாற்றினார்கள், கடையிலிருந்து வேறு ஸ்கிரீன் கொண்டுவந்து வைத்தார்கள், அதிலும் அதேதான். எனக்கு நேராகத்தானே தெரிகிறது என்று நான் வாயைத் திறந்ததுதான் தப்பு, 'கோட்டப் பத்தி உனக்கென்ன தெரியும்'னு ஒரே பாட்டு. உன்னையும் விட்டாரா, கம்ப்யூட்டரில் வீடியோ போட்டுக் கூப்பிடும்போதெல்லாம் 'மூஞ்சியே தெரியல, உன் கேமராவ மாத்து'ன்னு நச்சரித்து, பாவம் நீயும் புதுக் கேமரா வாங்கினாய். உன் பழைய கேமராவில் ஒரு குறையும் இல்லை கண்ணு. உன் நெற்றியில் வந்திருந்த பருகூட எனக்குத் தெரிந்தது.

கடைசியாக வந்த அன்று கடைக்காரர் வெறுத்துப்போய் பிளக்கையே பிடுங்கிவிட்டு, இப்ப சொல்லுங்க சார் என்றார். ஸ்கிரீன் கறுப்பாக இருந்தது. அப்பா குனிந்து பார்த்து, 'அதே எடத்துல இருக்கே'ன்னார். அந்த மனிதர் கையிலிருந்த பிளக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போட்ட டீயைக் குடிக்காமல் கிளம்பிவிட்டார். கேட்டருகில் நின்று குரலைத் தாழ்த்தி, 'வீட்ட ஒரு தடவ மந்திரிக்கிறவங்க யாரையாவது வெச்சுப் பாத்துருங்கம்மா'ன்னு சொன்னபோது அசட்டுச் சிரிப்புச் சிரித்து அனுப்பிவிட்டேன். ஆனால் அடுத்த வாரமே, மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்து, 'பீரோகிட்ட அந்தம்மா ரொம்ப நேரமா நிக்கிறாங்க, உக்காரச் சொல்லேன்'னார். பீரோவிடம் யாரும் இல்லை. வெளியே நல்ல வெயில். அதற்குப் பிறகு பட்டப்பகலில் அந்த அறைக்குள் போகவே பயந்தேன், பகலெல்லாம் லைட்டைப் போட்டு, ரேடியோவைப் பாடவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் அப்பாவுக்கு வாசல் நிலையும் வளைந்து தெரிந்தது. கம்ப்யூட்டர் கவலை போய், அஸ்திவாரம் இறங்குகிறது, வீடு சாய்கிறது என்று வேறு கவலை வந்துவிட்டது. பரணிலிருந்து, சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்கும் பழைய தூக்குக்குண்டை எடுத்து நிலை ஓரமாக நூலைத் தொங்கவிட்டார். குண்டு ஆடி நின்றது. அவர் நூலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு நூலை விரலால் தடவிக்கொண்டே மேலிருந்து கீழே வந்தார். 'குண்டு தொங்குற நூல் எப்படி வளையும்'னு என்னைக் கேட்கவில்லை, தனக்குத்தானே கேட்டுக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். வாழ்நாள் முழுக்கக் கோடு போட்ட மனுஷன், வேறு யார் சொல்லியும் நம்பியிருக்க மாட்டார்.

கண் டாக்டர் சொன்னதைச் சொல்கிறேன். இரண்டு கண்ணிலும் பார்வையின் நடுப்பகுதி கெட்டுக்கொண்டே வந்திருக்கிறது. போனது வராது, மிச்சத்தைக் காப்பாற்ற ஊசி போடுகிறார்கள், பக்கவாட்டுப் பார்வை இருக்கும். ஆட்கள் தெரிவது பேயும் இல்லை, புத்தி பேதலிப்பும் இல்லை, கண் விட்ட இடத்தை மூளை தானாக வரைந்து நிரப்புகிறதாம். எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும், வரவில்லை. காரணம் தெரிந்தாலும் ஆட்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள், தொப்பி போட்டவர்கள், குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்பவர்கள். யாரும் பேசுவதில்லையாம், அதை வைத்துத்தான் பிரித்துக்கொள்கிறார். அதனால் நான் இப்போதெல்லாம் எந்த அறைக்குள் போனாலும் பைத்தியக்காரி மாதிரி ஏதாவது பேசிக்கொண்டே போகிறேன். மறந்து சும்மா நின்றுவிட்டால் 'நீதானே?' என்று கேட்கிறார். அந்தக் கேள்வியை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை.

நேற்று கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பி, 'சிட்டு வந்தாளே'ன்னார். கம்ப்யூட்டர் பக்கத்தில் நின்றாயாம். 'இத்தன நாளா அதுல தெரியாத மூஞ்சி, அவ்வளவு தெளிவா இருந்துச்சு, கூப்பிட்டேன், பேசல, சரி இவளும் அப்படித்தான்னு விட்டுட்டேன்'னார். அடுப்பை அணைக்கிற சாக்கில் எழுந்து வந்துவிட்டேன்.

லீவு கேள் கண்ணு. அம்மா கெஞ்சுகிறேன் என்றே வைத்துக்கொள். வந்தால் எதிரில் உட்காராதே, பக்கத்தில் உட்கார், அங்கேதான் உன்னைப் பார்க்க முடியும். அதற்குள் உன் கண்ணையும் அங்கே ஒரு டாக்டரிடம் காட்டிவிடு. நீ நீண்ட ஆயுளோடும் குறையாத பார்வையோடும் நன்றாக இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. சொல்லாமல் வந்து நின்று எங்களைத் திகைக்கவைக்கும் பழக்கம் உனக்கு உண்டு, இந்த முறை வேண்டாம். கேட்டைத் திறக்கும்போதே அப்பா அப்பா என்று கத்திக்கொண்டே வா. பேசாமல் வந்து நின்றால் உன்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

உன் அம்மா