முழங்கால் ஆணி

10-5-71, திங்கள்
வெயில் கொளுத்துகிறது. மகள் மலரின் கால்கம்பியில் முழங்கால் ஆணி உடைந்துவிட்டது. இளம்பிள்ளைவாதம் வந்த இடது கால். இரண்டு பக்கமும் இரும்புப் பட்டை, நடுவே கீல். அந்த ஆணி இல்லாமல் பிள்ளை நிற்க முடியாது. புதுசு வர மூன்று மாதமாம், பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில். ஜூனில் இரண்டாம் வகுப்பு.

நர்ஸம்மா சொன்னது: கம்பி போடாத நாளெல்லாம் இரண்டு வேளையும் காலை நீட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் மடங்கினபடியே நின்றுவிடும். அவள் அம்மா சரோஜா வேலைக்குப் போகிறவள். அது என் பொறுப்பு.

சரோஜா: "நெய்வேலில எங்க அண்ணன் பட்டறையில குடுத்தா ஒரே நாள்ல கடைஞ்சி குடுத்துடுவாங்க."
மச்சானிடமா? என் பிள்ளைக்கு நான் கடைய மாட்டேனா? இந்த ஊர் பீங்கான் கம்பெனி ஊறுகாய் ஜாடிக்கெல்லாம் அச்சு எடுக்க மரத்தில் மாதிரி கடைந்து கொடுத்தது யார்?

12-5, புதன்
வேலை:
கடைசல் எந்திரத்தின் அச்சுக்குப் பெரிய சக்கரம், மெதுவாகச் சுற்ற. மரம் கடையும் வேகம் இரும்புக்கு ஆகாது.
அச்சு ஓடும் மரக்கட்டைக்குப் பதில் பித்தளை புஷ்.
உளிக்கு இரும்புத் தாங்கி. கையில் பிடித்தால் உதறுகிறது.
மலர் கால்.

காலையில் நீட்டிவிட்டேன். கத்தினாள். ஐயோ, கேட்க முடியவில்லை. சாயந்திரம் விட்டுவிட்டேன். சரோஜா பீங்கான் கம்பெனியிலிருந்து வந்ததும் கேட்டாள். "ஆச்சு ஆச்சு" என்றேன்.

17-5, திங்கள்
புழுக்கம். முதல் ஆணி கோணல். இரண்டாவது ஒரு பக்கம் சப்பை. உளி மூன்று தடவை தீட்டியாச்சு. மலர் பக்கத்தில் உட்கார்ந்து இரும்புச் சுருள் பொறுக்கினாள், காலை மடக்கிக்கொண்டு.
"நீ மரந்தானப்பா கடைவ?"
இன்றும் நீட்டவில்லை. அழவைக்க மனசு வரவில்லை.

21-5, வெள்ளி
மூன்றாவது ஆணி வழவழவென்று வந்தது. பழக்கதோஷத்தில் ஒரு மயிரிழை பெரிசாக விட்டேன். மர முளை என்றால் சுத்தியால் தட்டினால் நசுங்கி ஏறி இறுகிக்கொள்ளும். தட்டினேன். கீலில் ஆணி நுழையும் காது வெடித்துவிட்டது. இரும்பு நசுங்குமா? தூ, என் புத்தியைச் செருப்பால் அடிக்க.

"இப்பவாச்சும் அண்ணன்கிட்ட போலாங்க."
பெண்ணாடத்தில் வெல்டிங்குக்குக் கொடுத்தேன். பத்து நாளாம்.

2-6, புதன்
காது ஒட்டி வந்தது. புது ஆணி கடைந்தேன். கட்டைவிரலால் தள்ளினேன், போய் உட்கார்ந்தது. ஆட்டமில்லை. மரத்தில்கூட நான் இப்படி ஒரு வேலை செய்ததில்லை.

மலருக்கு மாட்டினேன். கால் நீளவில்லை. இழுத்தேன், அலறினாள். பட்டை நேராக நிற்கிறது, முழங்கால் நாலு விரல் மேலே மடங்கி நிற்கிறது.

"தெனம் நீட்டிவுட்டீங்கதான?" சரோஜா.
நான் கம்பியைக் கழற்ற ஆரம்பித்தேன்.
மலர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "அப்பாவத் திட்டாதம்மா. கம்பி நல்லாத்தான் செஞ்சிருக்காங்க. என் காலுதான் சரியா இல்ல."

3-6, வியாழன்
விடிந்ததும் சரோஜாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். மூன்று வாரத்தில் நாலு தடவைகூட நீட்டியிருக்க மாட்டேன் என்று. பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். பாண்டிச்சேரி பஸ். வழியில் நெய்வேலியில் இறங்கி அண்ணனைத் துணைக்குக் கூட்டிக்கொள்வாளாம்.
"நீங்க வர வேணாம்."
கம்பியைத் துடைத்து நீட்டினேன்.
"அது எதுக்கு இப்ப?"