நாலாம் நம்பரின் ஐந்தாவது ஃபவுல்

ஜூன் 8
நான் சொல்கிறேன், மகள் எழுதுகிறாள். எனக்குக் கையெழுத்து மட்டும்தான் வரும், அதுவும் கோணல்.
நாளை முதல் பன்னிரண்டு நாட்டுப் பெண்கள் கூடைப்பந்து ஆட வருகிறார்கள். எல்லாரும் பதினாறு வயதுக்குள். நான் தரை துடைக்கிற அதே அரங்கம். நம் நாட்டு அணிக்கு மாப்பிள்ளைதான் பயிற்சியாளர். இறுதி ஆட்டத்துக்குப் போகாவிட்டால் அவர் வேலை போய்விடும். கடிதமே வந்துவிட்டது.
"அதை ஏம்ப்பா எழுதச் சொல்றீங்க?" என்கிறாள். நடந்ததுதானே.

ஜூன் 11
மூன்று ஆட்டம், மூன்றும் வெற்றி. வியர்வை விழுகிற இடத்துக்கெல்லாம் ஓடிப்போய்த் துடைத்தேன். ஒருத்தியும் வழுக்கி விழவில்லை.

ஜூன் 14
நாளை அரையிறுதி. மாப்பிள்ளை சாப்பிடவில்லை. "மாமா, அவங்க நாலாம் நம்பர் இருக்காளே, அந்த நெட்டை, அவளை நிறுத்த என்கிட்ட ஆளில்ல" என்றார். தெரியும். போன ஆட்டத்தில் அவள் போட்ட பதினோரு கூடையையும் எங்கெங்கே நின்று போட்டாள் என்று இப்போதும் காட்டுவேன்.

ஜூன் 15
எழுதமாட்டேன் என்றாள் மகள். பிறகு வந்து உட்கார்ந்தாள்.
ஆட்டம் முடிய நாலு நிமிஷம். நாம் ஆறு புள்ளி முன்னால். நெட்டைக்கு ஐந்தாவது ஃபவுல் என்று கணக்கு எழுதுகிற மேஜையில் சொன்னார்கள். ஐந்து ஆனால் வெளியே. அவள் நாலு விரலைக் காட்டி அழுதாள். அவள் செய்தது நாலு ஃபவுல்தான். இரண்டாம் பகுதியில் நடுவர் காட்டியது அவங்க அணியின் பதினாலாம் நம்பரை — ஒரு கையை மடக்கி, மறு கையில் நாலு விரல். மேஜைக்காரர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தபோது விரல் மட்டும் கண்ணில் பட்டிருக்கும், நாலாம் நம்பர் கணக்கில் போட்டுவிட்டார். நான் எழுதுகிறவன் இல்லை, கண்ணெடுக்காமல் பார்க்கிறவன்.
சொல்வதா? மாப்பிள்ளையின் முதுகைப் பார்த்தேன். சொன்னேன்.
"பெரியவரே, துடைக்கிற வேலையைப் பாருங்க" என்றார் மேஜைக்காரர்.
"நம்ம குட்டைப் பொண்ணை அப்ப இடிச்சது பதினாலு. வீடியோவைப் போட்டுத்தான் பாருங்களேன்யா."
பார்த்தார்கள். திருத்தினார்கள். நெட்டை உள்ளே வந்தாள். ஒரு புள்ளியில் தோற்றோம்.
"வாயை மூடிட்டு இருந்தா என்னப்பா குறைஞ்சிருக்கும்?" என்று கேட்கிறாள் மகள்.

ஜூன் 16
மாப்பிள்ளை பேசவில்லை.

ஜூன் 30
எழுத்து மாறியிருக்கும். பக்கத்து வீட்டுத் தையல்காரர் எழுதுகிறார். மகள் பேனாவைத் தொடுவதில்லை, சோறு மட்டும் போடுகிறாள். மாப்பிள்ளைக்கு வேலை போயிற்று.

ஆகஸ்ட் 4
மாப்பிள்ளைக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் பயிற்சியாளர் வேலை. சம்பளம் பாதிதான். இன்று அங்கே முதல் ஆட்டம். காலையில் ஷூ மாட்டிக்கொண்டே, "மாமா, மேஜைக்கிட்ட உட்கார ஆள் வேணும்" என்றார். ஐம்பது நாளில் என்னிடம் பேசிய முதல் பேச்சு.
"எனக்குத்தான் எழுதத் தெரியாதே."
"எழுத ஆள் இருக்கு. கிளம்புங்க."
போனேன். அவர் அணிப் பையன்கள் செய்த இரண்டு ஃபவுல் தாளில் ஏறவில்லை. சொன்னேன். மாப்பிள்ளை திரும்பி என்னை முறைத்தார். பிறகு எழுதுகிறவரிடம், "அவர் சொன்னா போட்டுக்கோங்க" என்றார்.