ஃப்ரிட்ஜ் கதவில் நரேலின் பெயர்

லான்செஸ்டன், டாஸ்மேனியா
ஜூலை, ஞாயிறு மாலை

அன்புள்ள ஃபெர்கஸ்,

டென்மார்க்கில் இப்போது இருட்டவே மாட்டேன் என்கிறது என்று எழுதியிருந்தாய். இங்கே ஒரு வாரமாக மூடுபனி. ஆறு எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. என் முழங்கால் பழையபடிதான். க்ளென் வேலைக்குத் திரும்பிவிட்டான். நம் தங்கை போனபின் அவன் சமைப்பது முட்டையும் டோஸ்ட்டும்தான், அதனால் புதன்கிழமைகளில் நான் சூப் கொண்டுபோகிறேன். குடிக்கிறானா, கொட்டுகிறானா என்று கேட்பதில்லை.

போனில் சொல்லாமல் எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

நரேல் தன் கைக்கென்று வடிவமைத்த குவளை விஷயம் முடிந்துவிட்டது. நமக்கு எதிராக.

அந்தப் பெரிய கடைக்காரர்கள் அதை அச்சு மாறாமல் செய்து விற்பது உனக்குத் தெரியும். தடுக்க வேண்டுமானால், க்ளென் ஜனவரியில் வாங்கிய ஆஸ்திரேலியப் பதிவு செல்லும் என்று பரிசோதனையில் தேற வேண்டும். தேறவில்லை. இந்த வடிவம் புதியதல்ல, முன்பே வெளியாகியிருக்கிறது என்று பதில் வந்தது. எங்கே என்றும் குறிப்பிட்டிருந்தார்கள். சர்வதேசப் பதிவு இதழில், நீ அங்கிருந்து பதிந்த பக்கம். வடிவமைத்தவர்: நரேல். அவளுக்கு முன்னால் வந்து நின்றவள் அவளேதான்.

க்ளெனுக்கு முதலில் புரியவில்லை. “நம்மளே காட்டினதுக்கு ஒரு வருஷம் சலுகை உண்டுன்னு புதுச் சட்டத்துல சொன்னாங்களே” என்று வழக்கறிஞர் அம்மாளிடம் திரும்பத் திரும்பக் கேட்டான். உண்டுதான் என்றார் அவர். சந்தையில் விற்றிருந்தாலும் பத்திரிகையில் படம் வந்திருந்தாலும் மன்னிப்பு உண்டாம். பதிவு அலுவலகமே வெளியிட்டால் மட்டும் கிடையாதாம். தெருவில் கடை விரித்தவனை மன்னிக்கும் சட்டம், முறையாகப் பதிந்தவனை மன்னிக்கவில்லை. இதை எழுதியவர்களுக்கு ஏதோ காரணம் இருந்திருக்கும். எனக்கு விளங்கவில்லை.

இன்னொரு வழியும் இருந்ததாம். நீ பதிந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் இங்கே மனு போட்டிருந்தால் உன் தேதியே இதற்கும் செல்லுபடியாகியிருக்கும். முன்பெல்லாம் அந்த இதழில் பக்கம் வருவதற்கும் ஆறு மாதம்தான். அதை இப்போது பன்னிரண்டு ஆக்கியிருக்கிறார்கள். மனு போடும் கெடுவை மட்டும் ஆறிலேயே விட்டுவிட்டார்கள். “எல்லாத்துக்கும் ஒரு வருஷம்னு நெனச்சுட்டேன்” என்றான் க்ளென். நீ மார்ச்சில் பதிந்தாய். ஆறாவது மாதம் செப்டம்பர். அந்த மாதம் நாங்கள் எந்த மனுவையும் நினைக்கவில்லை; அவளுடைய சவப்பெட்டிக்கு மரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கடைசியில் அந்த அம்மாள், “பன்னிரண்டு மாசம் வெளியிடாம வச்சிருக்கலாமே, யார் உடனே போடச் சொன்னது?” என்று கேட்டார். குறையாகக் கேட்கவில்லை. “அவகிட்ட பன்னிரண்டு மாசம் இல்ல” என்றேன்.

காரில் க்ளென், “உடனே போடச் சொன்னது ஃபெர்கஸா?” என்றான். ஆமாம் என்றேன். பொய் சொல்லியிருக்கலாம். நீ அனுப்பும் செய்திகளுக்கு அவனிடமிருந்து பதில் வராததற்குக் காரணம் இதுதான். அந்தக் குவளை அவள் பேரில் கடைக்கு வரும் என்று அவளிடம் சொல்லியிருந்தான். அதைத் தவிர வேறு எதையும் அவள் அவனிடம் கேட்டதில்லை.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பக்கம் வந்த அன்று நீ இங்கே இல்லை, நான் இருந்தேன். அவள் விரல்கள் அநேகமாக நின்றுபோயிருந்தன. தான் செய்த குவளையை மட்டும் அவளால் பிடிக்க முடிந்தது. அந்தப் பக்கத்தை அச்செடுத்த தாளை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டச் சொன்னாள். வந்த நர்ஸ், மின்சாரக் கணக்கெடுப்பவர், ஒருவரையும் விடவில்லை. “படிங்க, சத்தமா படிங்க” என்பாள். கைப்பிடி ஏன் யானைக்காது மாதிரி இருக்கிறது என்று நீ கேலி செய்தாயே, அதையும் சொல்லிச் சிரிப்பாள். “யானையைப் பாத்து இல்ல, எங்க அண்ணன் காதைப் பாத்துச் செஞ்சேன்.” பேச்சு போன பிறகும் நாற்காலியைச் சமையலறைப் பக்கமே திருப்பி வைக்க வேண்டும்.

அன்று வீட்டுக்குள் போனதும் க்ளென் நேராக அந்தத் தாளின் முன்னால் போய் நின்றான். கிழித்துவிடுவான் என்றுதான் நினைத்தேன். அதைப் பிடித்திருந்த காந்தம் அவள் பெயர்மேல் நகர்ந்திருந்தது. அதைக் கொஞ்சம் கீழே தள்ளிவைத்துவிட்டு, கெட்டிலைப் போட்டான்.

கடைக் குவளை மலிவுதான். கை நடுங்கும் பலருக்கு உதவும் என்கிறார்கள். இருக்கலாம். எனக்கு அது ஆறுதல் இல்லை; உனக்கும் ஆறுதலாக எழுதவில்லை.

செப்டம்பரில் ஓராண்டு ஆகிறது. க்ளென் உன்னைக் கூப்பிட மாட்டான். நான் கூப்பிடுகிறேன். வந்து அவன் சமையலறையில் உட்கார். மன்னிப்பு எதுவும் கேட்க வேண்டாம். அந்தத் தாளைச் சத்தமாக ஒருமுறை படி, போதும்.

அப்போதும் இங்கே குளிர் போயிருக்காது. காதை மூடும் தொப்பி கொண்டு வா.

உன் அக்கா,
ரோவெனா