நாலு மணிச் சங்கும் மூன்றாவது தந்தியும்

2 நவம்பர் 1957, சனி

விடியும்போதே தூறல். கல்லறைத் திருநாள். அரை நாள் லீவு. மெழுகுவர்த்தி ஆறு, சாமந்தி இரண்டு முழம், தீப்பெட்டி ஒன்று (ஈரம், பக்கத்துக் கல்லறைக்காரரிடம் நெருப்பு கடன்).

அ. போய் ஒன்பது மாதம். பெயரை முழுதாக எழுதக் கை வரவில்லை. அ. என்றே இருக்கட்டும்.

பிலோமினாக்கா எனக்கு முன்னாலேயே வந்து, புருஷன் அ.வின் கல்லறையைத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்து, "தேவா, அந்தப் பெரிய பிடில் வூட்ல சும்மாத்தான் கீது. நீ எடுத்துக்கினு போயேன். உன்னை வுட்டா அவருக்கு வேற தோஸ்து யாரு?" என்றார்.

"யோசிச்சுச் சொல்றேன்க்கா."

ஒன்பது மாதமாக இதையேதான் சொல்கிறேன். மெழுகுவர்த்தி ஆறில் ஒன்றுகூட நிற்கவில்லை. காற்றாம். மற்றவர்கள் கல்லறையில் மட்டும் எப்படி எரிகிறது?

4 நவ., திங்கள்

மழை. வார்ப்பில், கப்பல் அணையும் மேடையில், கோதுமை மூட்டை. டாலி கிளார்க்குக்கு எண்ணுவதுதான் பிழைப்பு. இன்று இரண்டு முறை எண்ணிக்கை தவறிற்று. குடை காணவில்லை. எவன் எடுத்தானோ, நன்றாக இருக்கட்டும்.

மாலை மாஸ்டர் வீட்டில் ஒத்திகை. ராயப்பன் மாஸ்டர் எங்கள் பேண்டின் தலைவர், பிடில்காரர், நல்ல மனிதர், வாயைத் திறக்காத வரை. இன்று திறந்தார்.

"கிறிஸ்துமஸ் ஆட்டத்துக்கு ஏழே வாரம்தான் கீது. அடியிலே சத்தம் இல்லாம ஒரு பேண்டா? கூரை கீது, தூண் இல்லை. தேவா, கிட்டாரை உள்ளே வை. இனிமே நீதான் பேஸ். ஆறு தந்தி வாசிக்கிறவனுக்கு நாலு தந்தி என்ன கம்பசூத்திரமா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு மூலையைப் பார்த்தார்கள். அ. நின்று வாசிக்கும் மூலை. அங்கே இப்போது மாஸ்டர் மனைவி நெல் குதிர் வைத்திருக்கிறார்.

16ஆம் தேதிக்குள் வாத்தியம் பிடிக்க வேண்டும். வழிகள்:

1. பெரம்பூரில் ஒரு ரிட்டையர் ஆன ரயில்வே கார்டு விற்கும் பெரிய பிடில்.
2. கப்பலில் ஸ்டூவர்டாக இருக்கும் மைக்கேல் கொண்டுவந்திருக்கும் கரண்ட் பேஸ் கிட்டார்.
3. அ.வுடையது.

மூன்றாவதை அடித்தேன். அடித்ததன் மேலேயே மறுபடி எழுதினேன்.

6 நவ., புதன்

பெரம்பூர். பஸ்ஸில் கால் மிதிபட்டு நகம் போயிற்று. பிடில் ஒட்டுப்பலகை, கழுத்தில் விரிசல், விரிசலில் பூட்ஸ் மெழுகு பூசி மறைத்திருக்கிறார் மகராசன். வில் போட்டு இழுத்தேன். நாற்காலியைத் தரையில் இழுத்த சத்தம். விரலால் தட்டினால் சத்தம் எழுந்தவுடன் செத்துப்போகிறது. வேண்டாம்.

திரும்பும் வழியெல்லாம் அ. வாசிக்கும் விதம் ஞாபகம். வில்லைத் தொடவே மாட்டான். மெதுவான ஆட்டத்துக்கு ஒரு விரல், வேகத்துக்கு இரண்டு விரல், கூட்டம் சூடானால் உள்ளங்கையால் தந்தியை அறைவான். எதிலும் தாளத்துக்கு ஒரு மயிரிழை பின்னால்தான் வருவான். அவசரமே கிடையாது. எனக்கோ கிட்டார் விரல், எப்போதும் முன்னால் ஓடும். "ஏன்டா ஓட்ற? பாட்டு இன்னா உன்னை வுட்டுட்டுப் போயிடுமா?" என்பான்.

போனது அவன்தான்.

8 நவ., வெள்ளி

வெயில், அதிசயமாக. மைக்கேல் வீட்டுக்குப் போனேன். அவன் கப்பல் 14ஆம் தேதி கிளம்புகிறது. கரண்ட் கிட்டார் துடுப்பு மாதிரி மெலிசு, உள்ளே பொந்தே இல்லை. கையில் வைத்து மீட்டினால் கொசு சத்தம். ரேடியோவின் முதுகில் கிராமபோனுக்கு என்று இருக்கும் துளையில் ஒயரைச் சொருகினான் மைக்கேல். ஒரு ஊளை. தெரு நாய் ஓடிற்று. பிறகு, ஆண்டவரே, என்ன ஆழம்! அலமாரியில் டம்ளர் ஆடிற்று.

சோதித்தவை:

கட்டைவிரல் – நன்று. உருண்டையான சத்தம்.
காலணாக் காசு – தகரம்.
தந்திக்கு அடியில் கைக்குட்டை மடித்து வைத்து – மிக நன்று. தொட்டால் ஒலித்து உடனே நிற்கிறது. பெரிய பிடில் மாதிரியே.
ரேடியோவைச் சுவர்ப் பக்கம் திருப்பி – ஜலதோஷம்.
முற்றத்தில் காலியாகக் கிடந்த தார்ப் பீப்பாயின் வாயில் ரேடியோவை வைத்து –

பீப்பாயில் வைத்தபோது நான் வாசித்த ஒவ்வொன்றும் உள்ளே போய்த் திரும்பி வந்தது. ஒரு மயிரிழை பின்னால். நான் முன்னால் ஓட, பின்னாலேயே ஒருவன் அவசரமில்லாமல் வந்தான். கையை எடுத்துவிட்டேன்.

"இன்னா மாமு, மூஞ்சி வெளுத்துப் போச்சு?" என்றான் மைக்கேல்.

"ஒண்ணுமில்ல. ஷாக் அடிச்சுது."

ஆனாலும் இதைத்தான் எடுக்கப்போகிறேன். சுவிட்சை அணைத்தால் வாயை மூடிக்கொள்கிற வாத்தியம். எனக்கு அதுதான் வேண்டும். அ.வுடையது அப்படியில்லை. அது தானாகப் பேசுகிறது என்று தெருவே பேசிக்கொள்கிறது.

11 நவ., திங்கள்

காலை ஷிப்ட். மூன்றரைக்குப் பிலோமினாக்கா வீட்டுக்குப் போனேன், கரண்ட் கிட்டார் எடுக்கிறேன், பிடில் வேண்டாம் என்று சொல்லிவிட. என் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி. ஒன்பது மாதத்தில் உள்ளே போனது இன்றுதான்.

அக்கா இறால் உரித்துக்கொண்டிருந்தார். "குந்து. டீ போட்றேன்." பிடில் சுவரோரம், பச்சைப் போர்வை போர்த்தி, ஆள் உயரத்துக்கு. அதற்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன்.

நாலு மணி. துறைமுகப் பட்டறைச் சங்கு ஊதிற்று. ராயபுரம் முழுக்கக் கேட்கும் அந்த அடித்தொண்டைச் சங்கு. ஊதி நின்றது. நின்ற பிறகும் அறைக்குள் அதே சுரம் இருந்தது. போர்வைக்குள்ளிருந்து. மெல்லிசாக, வாயை மூடிக்கொண்டு ஒருவர் முனகுவது மாதிரி.

காரணம் தெரியாதவனா நான்? சங்கின் சுரமும் ஒரு தந்தியின் சுரமும் ஒன்றாக இருந்தால் தந்தி தானாக அதிரும். எல்லா வாத்தியக்காரனுக்கும் தெரியும். தெரிந்தும் டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருந்தது.

"வந்துட்டாரு" என்றார் அக்கா, இறாலிலிருந்து கண்ணை எடுக்காமல். "தினம் வராரு. நான் தப்புப் பண்ணலடி பிலோன்னு சொல்ல வராரு."

கையைக் கழுவிவிட்டு வேத புத்தகத்துக்குள்ளிருந்து கம்பெனிக் காகிதத்தை எடுத்தார். நாலாக மடித்தது, மடிப்பில் கிழிந்தது. விசாரணை முடிவு. கடைசி வரியில் விரல் வைத்தார்: சுமையை இறக்கும்படி குரல் கொடுத்தவர் இறந்தவரே.

"இருவது வருசம் சுமை தூக்கற விஞ்சுக்கு முன்னால நின்னு சைகை குடுத்த மனுசன். தலைக்கு மேல சுமை தொங்கறப்போ தன் வாயால 'ஆரியா'ன்னு சொல்லுவாரா? நீயே சொல்லு தேவா. நீ அங்கதானே இருந்தே."

"சொல்ல மாட்டான்க்கா."

"அப்போ யாரு சொன்னது?"

டீ சூடு என்றேன். பிடிலைப் பற்றிச் சொல்ல வந்ததைச் சொல்லாமலே எழுந்து வந்துவிட்டேன். கோழை.

12 நவ., செவ்வாய்

வேலைக்குப் போகவில்லை. ஜுரம் என்று சொல்லி அனுப்பினேன். ஜுரம் இல்லை.

ஒன்று இடிக்கிறது. அ.வின் பிடிலில் இருப்பது ஆட்டுக்குடல் தந்தி. இந்தக் கடற்காற்றில் இரண்டு நாள் சுருதி நிற்காது. ஒன்பது மாதம் சங்கோடு ஒத்துப்போவது எப்படி? நேற்று கிளம்பும்போது போர்வைக்கு வெளியே தெரிந்த பிருடைகளை, தந்தியை முறுக்கும் ஆணிகளை, பார்த்தேன். மூன்றில் தூசி. மூன்றாவது தந்தியின் பிருடை மட்டும் தேங்காய் எண்ணெய் பட்டு மினுங்கிற்று. யார் திருப்புகிறார்கள்?

சரி. சுற்றிச் சுற்றி எழுதியது போதும். எழுதிவிடுகிறேன்.

துறைமுகத்தில் சுமையைத் தூக்க 'ஹாபீஸ்', இறக்க 'ஆரியா'. நானும் அவனும் அந்தச் சொற்களைப் பேண்டுக்கும் கொண்டுபோயிருந்தோம். பாட்டு மேல் கட்டைக்கு ஏற வேண்டுமானால் ஹாபீஸ், கீழ்க் கட்டைக்கு இறங்க வேண்டுமானால் ஆரியா. மேடையில் அவன் பக்கம் சாய்ந்து ஆரியா என்பேன். தரை அதிர இறங்குவான். மாஸ்டருக்கு எரிச்சல். எங்களுக்குச் சிரிப்பு.

பிப்ரவரியில் அன்று, அவன் வார்ப்பில் நின்று விஞ்சுக்குச் சைகை கொடுத்துக்கொண்டிருந்தான். இரும்புக் கட்டு ஒன்று மேலே. ஏதோ சிக்கல், நிறுத்தச் சொல்லிக் கை காட்டிவிட்டு, கீழே கிடந்த மரத்துண்டைத் தள்ளி வைக்க அடியில் போனான். போகும்போது சனிக்கிழமை வாசிக்கவேண்டிய மெட்டை முனகிக்கொண்டே போனான். மேல் கட்டையில். தப்பாக. நான் டாலி மேஜையிலிருந்து தலையைத் தூக்கி, சிரித்துக்கொண்டே, வாய் நிறையக் கத்தினேன்.

"அந்தோணி! ஆரியா!"

அவனும் என்னைப் பார்த்துச் சிரித்தான். கப்பல் மேல் விஞ்சுப் பிடியில் இருந்த காதர் பாய்க்கு அடியில் போன ஆள் தெரியாது, குரல்தான் கேட்கும். இறக்கிவிட்டார்.

விசாரணையில் யார் குரல் கொடுத்தது என்று கேட்டபோது காதர் பாய், "ஆரியான்னு காதால கேட்டேன், அல்லா மேல சத்தியம்" என்றார். எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நான் டாலிப் புத்தகத்தைப் பார்த்தேன். சைகைக்காரன் அந்தோணி, அதனால் சொன்னதும் அந்தோணி என்று எழுதிக்கொண்டார்கள்.

பெயரை முழுதாக எழுதிவிட்டேன்.

14 நவ., வியாழன்

காலையில் மைக்கேல் வந்தான். "இன்னா மாமு, எடுத்துக்கிறியா இல்லியா? சாயங்காலம் கப்பலு."

"வேணாம்."

"தோ பாரு, அப்புறம் பேஜார் பண்ணாத."

போய்விட்டான். மூன்று மணிக்கு அக்கா வீட்டுக்குப் போனேன். உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், மெட்டு, மேஜை, நான் கத்தியது. முறத்தில் அரிசி இருந்தது. அக்காவின் விரல் அதைத் தள்ளிக்கொண்டே இருந்தது.

பிறகு கேட்டார். "நீ கூப்டப்போ உன்னைப் பாத்தாரா?"

"பாத்தான்க்கா."

"சிரிச்சாரா?"

"சிரிச்சான்."

முறத்தைக் கீழே வைத்தார். கம்பெனிக் காகிதத்தையும் பென்சிலையும் கொண்டுவந்து என் முன்னால் போட்டார். "எழுது." கடைசி வரிக்குக் கீழே எழுதினேன்: ஆரியா என்று சொன்னது நான். டாலி கிளார்க்கு தேவசகாயம்.

"நாளிக்கு ஆபீசுல குடு. காதர் பாய் கையிலயும் சொல்லு." பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். "இத்த இப்பவே எடுத்துக்கினு போ. இனிமே இந்த வூட்டு வாசப்படி மிதிக்காத."

நாலு வீடு தூரம். பிடிலை முதுகில் சுமந்து வந்தேன். தெருவே பார்த்தது. கனம் எலும்பில் இறங்கிற்று.

15 நவ., வெள்ளி

கொடுத்தேன். மானேஜர் இரண்டு முறை படித்தார். மறு உத்தரவு வரும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்றார். சரி என்றேன். பசித்தது, ஒன்பது மாதத்தில் முதல் தடவையாக இரண்டு தட்டு சாப்பிட்டேன். வெட்கமாக இருந்தது.

காதர் பாய் காசிமேட்டில் வலை கோத்துக்கொண்டிருந்தார். விஞ்சை விட்டு அன்றே இறங்கியவர், மறுபடி ஏறவில்லை. சொன்னதும் ஊசியை வைத்துவிட்டு, "என் காது சரியாத்தான் கீது" என்றார். அவ்வளவுதான். மறுபடி ஊசியை எடுத்துக்கொண்டார்.

நாலு மணி. சங்கு ஊதிற்று. பிடில் சும்மா இருந்தது.

16 நவ., சனி

மாஸ்டரிடம், வாத்தியம் இருக்கிறது, விரல்தான் இல்லை என்றேன். வாயைத் திறக்கவில்லை. தோளைத் தொட்டுவிட்டுப் போனார். அவருக்கு விஷயம் தெரிந்துவிட்டிருக்கிறது.

நாலு மணி. சங்கு. சும்மாவே இருந்தது.

வேண்டாம் வேண்டாம் என்று பயந்து ஓடிய சத்தம். இன்று காதைத் தந்திமேல் வைத்துக் காத்திருந்தேன். வரவில்லை. என்னிடம் அவனுக்குப் பேச ஒன்றும் இல்லை போலும்.

18 நவ., திங்கள்

பலத்த மழை. ஓட்டில் ஒழுக்கு, அடியில் குண்டான். பிடிலை உலர்ந்த பக்கம் நகர்த்தினேன். நாலு மணிச் சங்கு. ஒன்றுமில்லை.

நாலேகால் இருக்கும். கதவு தட்டும் சத்தம். பிலோமினாக்கா. முக்காடு சொட்டச் சொட்ட. உள்ளே வரவில்லை, நிலைக்கு வெளியிலேயே நின்றார்.

"வந்துச்சா?"

"இல்லக்கா. இங்க வந்ததுலேருந்து இல்ல."

"எனக்குத் தெரியும். மழையில சுருதி நிக்காது. நான் தினம் மூணு மணிக்கே முறுக்கி வெச்சிருவேன்." என் முகத்தைப் பார்க்காமல் பிடிலைப் பார்த்துச் சொன்னார். "இன்னா பாக்கற? நான் இன்னா பைத்தியமா? அவரா வரமாட்டாருன்னு எனக்குத் தெரியாதா?"

போர்வையை எடுத்தேன். மூன்றாவது தந்தியைத் தட்டினேன். தொய்ந்து கிடந்தது. அக்கா வாசலில் நின்றபடியே வாயை மூடிக்கொண்டு சங்கின் சுரத்தை முனகினார். அச்சு அசல். ஒன்பது மாதம் கேட்ட தொண்டை. நான் பிருடையைத் திருப்பினேன்.

"ஹாபீஸ்" என்றார். புருஷனிடம் கற்ற சொல்.

திருப்பினேன்.

"இன்னும் ஹாபீஸ். இன்னும்."

திருப்பினேன். அதிகம் போய்விட்டது. சுரம் மேலே ஏறிவிட்டது. அவருக்கும் கேட்டது, எனக்கும் கேட்டது. முனகல் நின்றது. என்ன சொல்ல வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். பிருடையில் கையை வைத்தபடி, திரும்பிப் பார்க்காமல் நின்றேன். குண்டானில் சொட்டு விழுந்துகொண்டிருந்தது.

"ஆரியா" என்றார் அக்கா. பிறகு, "கொஞ்சம் ஆரியா, தேவா."

இறக்கினேன்.