மெள்ளப் பேசலாம்

இன்று காலை நூலகத்தில் பைண்டர் மைதாப் பசை காய்ச்சினார். பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலந்த அந்த வாடை வந்ததும் எனக்கு வேலை ஓடவில்லை. உன் விரல்களில் இருந்த வாடை அது.

குழந்தைகள் பகுதிக்கு ஓர் ஆள் வைக்கப்போவதாகச் செயலாளர் சொல்லியிருந்தார். அந்த வேலையை நம்பி ஆறு மாதம் கரமனையிலிருந்து பஸ் பிடித்து வந்து, சம்பளமில்லாமல் குழந்தைகளோடு உட்கார்ந்தாய். "அண்ணா ஆத்துல மன்னி மூஞ்சியைப் பாத்துண்டு எத்தனை நாள்டீ சாப்பிடறது?" என்பாய். நான் அப்போதே அங்கே புத்தகம் பதிந்து கொடுக்கும் உத்தியோகத்தில் இருந்தேன்.

அங்கே ஒரு மலையாளப் படப் புத்தகம் இருந்தது; ஒரு சிறுமி முதன்முதலாக நூலகத்துக்குப் போகும் கதை. வீட்டில் தமிழ் எழுத்து மட்டும் பழகிய அக்ரஹாரத்துக் குழந்தைகள் படத்தைப் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். பக்கத்துக்கு ஒரு தமிழ்ச் சீட்டு ஒட்டலாமா என்று கேட்டாய். "ஒட்டுடீ, யார் கேக்கப்போறா" என்றவள் நான். பசை காய்ச்சியதும் நான்.

முதல் படத்தில், நம் நூலகத்தில் என் நாற்காலிக்கு மேலே தொங்குவதைப் போலவே ஒரு பலகை: 'சம்சாரிக்கருது'. பேசாதே என்று பொருள். நீ குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாய். "சம்சாரமே கூடாதாம்டீ! எல்லாரும் பொண்டாட்டியை வாசல்ல நிறுத்திட்டுத்தான் வரணும் போலிருக்கு."

அதன்கீழ் நீ ஒட்டிய சீட்டு: 'இங்கே மெள்ளப் பேசலாம்.'

"அது அர்த்தம் இல்லையே" என்றேன்.

"வாயைத் தெறக்காதேன்னா எந்தக் கொழந்தைடீ உள்ள வரும்?"

மறுவாரம் செயலாளர் புத்தகத்தை என் மேசைமேல் போட்டார். "ஆராணு இது செய்தது?"

நீ என்னைப் பார்த்தாய். நான் பதிவேட்டைப் பார்த்தேன். என் உத்தியோகம் போய்விடுமோ என்ற ஒரே நினைப்பு.

"நான்தான் சார்" என்றாய்.

அந்த வேலை வேறொருவருக்குப் போயிற்று. சீட்டுகளை ஈரத்துணி வைத்து உரிக்கச் சொன்னார் செயலாளர். அதையும் நானே செய்தேன்.

அன்று பழவங்காடி பஸ் ஸ்டாப் வரை உன்னோடு நடந்தேன். உன் பஸ் வந்தது. ஏறும்போது நீதான் சிரித்தாய். "போர்டுக்கு நேர் கீழதானேடீ உக்காந்திருந்தே. பாவம், நீ என்ன பண்ணுவே."

பிறகு நீ நூலகத்துக்கு வரவே இல்லை. கரமனைக்கு வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நாலு வருஷம் நினைத்துக்கொண்டே இருந்தேன். வந்தது நீ இறந்த பத்தாம் நாளன்று.

இன்று ஒரு குட்டிப் பெண் அந்தப் புத்தகத்தை எடுத்து வந்தாள். நான் உரித்த இடத்தில் தாள் மெலிந்து வெளிச்சம் தெரிகிறது. அங்கே விரலை வைத்து, "இங்க என்ன இருந்தது மாமி?" என்றாள். சொன்னேன்.

"ஆரு எழுதினா?"

உன் பெயரைச் சொன்னேன். "பசை காய்ச்சினது நான்" என்றும் சொன்னேன். குரல் எப்படியோ உயர்ந்துவிட்டது. பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, என் தலைக்குமேல் இருந்த பலகையைச் சுட்டிக்காட்டினார்.

என் நாற்காலி இன்னும் அதன் கீழேதான் இருக்கிறது.