பரிசோதித்தவர் கையெழுத்து

சனிக்கிழமை, மதியம்

அன்புள்ள பொடிசுக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நம்பிக்கைதான், ஆதாரம் எதுவும் இல்லை. முப்பத்தெட்டு வயது இன்ஜினீயரை இன்னும் பொடிசு என்றா கூப்பிடுவது என்று உன் அத்தான் கேட்கிறார். பெயர் சொல்லி ஆரம்பித்தால் என்ன தப்புச் செய்தோம் என்று அவள் பயந்துவிடுவாள் என்றேன்.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று யோசிப்பாய். போனில் நீ குறுக்கே பேசுவாய், நான் பாதியில் விட்டுவிடுவேன். போன ஞாயிறு அப்படித்தான் ஆயிற்று. புதன்கிழமைக்குள் இது உன் கைக்கு வந்துவிடும் என்கிறார் கூரியர்காரர். கம்பெனிக்கு நீ பதில் சொல்லவேண்டியது வெள்ளிக்கிழமை.

ஞாயிறன்று நீ சொன்னதைச் சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று முதலில் பார்த்துவிடுவோம். உங்கள் கம்பெனியின் பழைய ஹார்ட் டிஸ்கில் எதை எழுதினாலும் அதற்குள்ளேயே இருக்கும் சிப் அதை யாருக்கும் புரியாதபடி மாற்றித்தான் எழுதுகிறது. திரும்பப் படிக்க ஒரு சாவி வேண்டும். அந்தச் சாவியும் பாஸ்வேர்டால் பூட்டப்பட்டிருக்கிறது. புது மாடலிலோ சிப் பாஸ்வேர்டைக் கேட்கிறது, சரிபார்க்கிறது, ஆனால் சாவி பூட்டப்படாமல் பக்கத்திலேயே கிடக்கிறது. விவரம் தெரிந்தவன் பாஸ்வேர்ட் இல்லாமலே அதை எடுத்துக்கொள்ளலாம். இதைக் கண்டுபிடித்தது நீ. உன் மேலாளர், "யாரு அவ்வளவு தூரம் தோண்டிப் பாக்கப் போறாங்க, அடுத்த மாடல்ல சரி பண்ணிக்கலாம்" என்றாராம். சோதனைச் சீட்டில் மற்ற நான்கு பேரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். 'பரிசோதித்தவர்' என்ற இடத்தில் உன் கையெழுத்து மட்டும் பாக்கி. போடாவிட்டால் வேலை நிலைக்காது என்று ஜாடையாகச் சொல்லியும் விட்டார்கள்.

"போட்டுடட்டுமாக்கா?" என்று கேட்டாய். "எல்லாரும் போட்டாச்சுன்னா நீ மட்டும் என்ன பெரிய இவளா? அனுசரிச்சுப் போ" என்றேன். அப்போது எனக்கு அது புத்திசாலித்தனமாகப் பட்டது.

இனி செவ்வாய்க்கிழமை நடந்தது.

எங்கள் மையத்தின் பதிவறையை நீ பார்த்திருக்கிறாய். அடி தாங்காமல் வீட்டை விட்டு வந்த நூற்றுப் பதினேழு பெண்களின் விவரங்கள் அங்கே என் கம்ப்யூட்டரில், நீ பொருத்திக் கொடுத்த உங்கள் பழைய மாடல் டிஸ்கில் இருக்கின்றன. இப்போது எங்கே குடியிருக்கிறார்கள், எங்கே வேலை பார்க்கிறார்கள், பிள்ளைகள் எந்தப் பள்ளிக்கூடம், எல்லாம். சாப்பாட்டு நேரத்தில் ஏசி மெக்கானிக் என்று ஒருவன் ஏணியும் கையுமாக வந்தான். ஏசி ஒரு மாதமாக ஒழுகிக்கொண்டிருந்தது. மூன்று முறை புகார் சொல்லியும் யாரும் வரவில்லை. அதனால் அவனை ஏன் வந்தாய் என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை, இவ்வளவு தாமதமா என்றுதான் கேட்டிருக்கிறார்கள். காவலாளி ஏணியைப் பிடித்துக்கொண்டார். கம்ப்யூட்டர் மேல் தண்ணீர் சொட்டும், கொஞ்ச நேரம் கீழே வண்டியில் வைக்கிறேன் என்று அவன் சொன்னதும் இவரே இன்னொரு பக்கம் பிடித்து இறக்கிக் கொடுத்திருக்கிறார். "தனியாத் தூக்கறானேன்னு ஒரு கை குடுத்தேம்மா" என்று என்னிடம் அழுதார். எனக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன்.

என்னிடமும் குற்றம் உண்டு. சாப்பிடப் போனாலும் கம்ப்யூட்டரை முழுதாக அணைத்துவிட்டுப் போங்கள் என்று நீ சுவரில் ஒட்டிவைத்த தாளில் முதல் வரியே சொல்கிறது. நான் அன்று திரையை மட்டும் அணைத்துவிட்டுப் போனேன். அவன் வந்து பிளக்கைப் பிடுங்கினான். மின்சாரம் நின்ற கணமே டிஸ்க் தானாகப் பூட்டிக்கொள்ளும் என்று நீ சொன்னது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. ஆக, நான் பூட்டாமல் போனதைத் திருடன் பூட்டி எடுத்துக்கொண்டு போயிருக்கிறான்.

மறுநாள் காலை, கதவைத் திறக்கும் முன்பே அந்தத் தையல்காரப் பெண் வாசலில் நின்றாள். எட்டு மாதத்துக்கு முன் உடைந்த கையோடு வந்தாளே, அவள். இப்போது ஒரு சட்டைக் கம்பெனியில் காலர் தைக்கிறாள். விஷயம் அவள் காதுக்கு எப்படியோ எட்டிவிட்டது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "நேராவே சொல்லுங்கக்கா. எங்க அட்ரஸ் எம் புருஷன் கைக்குப் போயிடுச்சா? நாங்க மறுபடியும் வீடு மாறணுமா? பொண்ணுக்குப் பரீட்சை நடக்குது. அவளை எங்கன்னு இழுத்துக்கிட்டு ஓடுவேன்?" என்றாள்.

என்னை உனக்குத் தெரியும். நாளைக்கு விடியுமா என்று கேட்டால்கூட 'அநேகமாக' என்று சொல்கிறவள் நான். அவளிடம், "இல்ல. போகல. நீ வேலைக்குப் போ, பொண்ணு பரீட்சை எழுதட்டும்" என்றேன். என் குரலே எனக்குப் புதிதாக இருந்தது. அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள்.

அவ்வளவு உறுதியாக எப்படிச் சொன்னாய் என்று கேட்பாய். இதுவரை உன்னிடம் மறைத்த ஒன்றைச் சொல்லியாகவேண்டும். இரண்டு வருடத்துக்கு முன் நீ லீவில் வந்து இந்த டிஸ்குகளைப் பொருத்தினாய் அல்லவா? வாரம் ஒரு டிபன் பாக்ஸ் தொலைத்தவள் ஊர்ப்பட்ட தகவலைக் காப்பாற்றப் போகிறாளாம் என்று எல்லோர் முன்னாலும் கேலி செய்தேன். நீ ஊருக்குப் போன மறுநாளே, நீ கொடுத்த உபரி டிஸ்க் ஒன்றில் என் பழைய கட்டுரைகளைப் போட்டுப் பூட்டி, பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் ரிப்பேர் கடைக்காரரிடம் கொடுத்தேன். செத்த டிஸ்கிலிருந்தும் போட்டோக்களை மீட்டுத் தருகிறவர். இந்த ஊரில் அந்த வேலை தெரிந்தவர் அவர் ஒருவர்தான். எப்படியாவது திறந்து காட்டுங்கள் என்றேன். நான்கு நாள் மல்லுக்கட்டிவிட்டு, "முழுக்கக் குப்பையாத்தான் வருது மேடம். வேற வாங்கிக்குங்க" என்று திருப்பிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பாஸ்வேர்டைப் போட்டேன். என் கட்டுரைகள் ஒரு வரி குறையாமல் வந்தன. கூடப் பிறந்தவள் மேல் நம்பிக்கை இல்லாமல் அடுத்தவரிடம் சோதனைக்குக் கொடுத்தவள் நான். திட்டுவதானால் வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் திட்டு.

மீதியையும் கேள். வியாழக்கிழமை அதே கடைக்காரர் போன் செய்தார். "மேடம், உங்களுதுமாதிரியே ஒரு டிஸ்க் வந்திருக்கு. அதே கம்பெனி, அதே குப்பை. கொண்டுவந்த ஆளு முழி சரியில்ல. உங்க ஆபீஸ்ல திருட்டுப் போச்சுன்னு டீக்கடைல பேசிக்கிட்டாங்க, அதான்" என்றார். கொண்டுவந்தது தையல்காரப் பெண்ணின் கணவன் என்பது பிறகுதான் தெரிந்தது. ஏசிக்காரன் அவன் அனுப்பிய ஆள். என்ன ஆனாலும் சரி, ஒரே ஒரு அட்ரஸ் மட்டும் எடுத்துக் கொடு என்று கடைக்காரரிடம் கெஞ்சினானாம். சாயங்காலம் வரச் சொல்லியிருக்கிறார். நான் உடனே போலீசுக்குச் சொன்னேன். சாயங்காலம் அவன் வந்தபோது போலீஸ்காரர் இருவர் உள்ளே போன் ரிப்பேர் பார்ப்பதுபோல் உட்கார்ந்திருந்தார்கள். டிஸ்க் நேற்று எங்கள் கைக்கு வந்தது. பாஸ்வேர்டைப் போட்டேன். நூற்றுப் பதினேழு பேரும் அப்படியே இருந்தார்கள்.

அதற்கு அப்புறம்தான் டிஸ்க் வந்த அட்டைப்பெட்டியை அலமாரியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். உள்ளே மடித்து வைத்த சோதனைச் சீட்டில், கடைசி வரியில், உன் கோணல் கையெழுத்து. இரண்டு வருடமாக என் அலமாரியில் இருந்திருக்கிறது, நான் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. அந்தச் சீட்டை உன் அத்தானிடம் காட்டினேன். காவலாளியிடமும் காட்டினேன். கூரியர்காரரிடம்கூடக் காட்டினேன் என்றால் நீ நம்பமாட்டாய். "என் தங்கச்சி கையெழுத்து" என்றேன். "ஓ" என்றார் பாவம், வேறு என்ன சொல்வார்?

இதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் போயிற்று. ஏன் என்று சொல்கிறேன். அந்தச் சோதனைக்குப் பிறகு எங்கள் டிஸ்க் பழுதாகி, உங்கள் புது மாடலை மாட்டியிருந்தால் அந்தக் கடைக்காரர் ஒரே நாளில் திறந்திருப்பார். கெட்டிக்காரர், பழையதோடேயே நான்கு நாள் மல்லுக்கட்டியவர். ஆனால் நான் இன்னொரு முறை சோதித்திருக்க மாட்டேன், எனக்கு அது தெரிந்திருக்காது. நீ கையெழுத்துப் போட்டு அனுப்பியதுதானே என்று நான் அவளிடம் அதே குரலில் 'இல்ல' என்றுதான் சொல்லியிருப்பேன். அவளும் அதே மாதிரி என் முகத்தைப் பார்த்துவிட்டு வேலைக்குப் போயிருப்பாள். பெண் பரீட்சைக்குப் போயிருப்பாள். இதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை.

ஞாயிறன்று நான் சொன்னது தப்பு. உன்னை வளர்த்தவள் என்ற உரிமையில் சொன்னேன். அதே உரிமையில் அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். நான்கு பேர் போட்டுவிட்டார்கள் என்பது அந்த நான்கு பேர் பாடு. நீ பெரிய இவள்தான்.

வேலை போகும் என்றால் போகட்டும். பயமில்லாமல் இதை எழுதவில்லை. உன் வயதில் புது வேலை தேடுவது எவ்வளவு சிரமம் என்று எனக்குத் தெரியும். மாடி அறையில் அடைந்து கிடந்த பழைய பெட்டிகளை இன்று காலை நானும் உன் அத்தானும் கீழே இறக்கிவிட்டோம். அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது, அது வேறு கதை. ஜன்னல் பக்கம் ஒரு பெரிய மேசை போடலாம். பிளக் வைக்க இரண்டு இடம் கூடுதலாகக் கேட்டு எலக்ட்ரீஷியனைத் திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். நீ வந்தாலும் வராவிட்டாலும் அது உன் அறை.

உடம்பைப் பார்த்துக்கொள். வெள்ளிக்கிழமை காலை வெறும் வயிற்றோடு உன் மேலாளர் அறைக்குள் போகாதே. உன் கை என்றும் நன்றாக இருக்கட்டும், தாயே.

என்றும் உன்
அக்கா